பொழுது அடைவதற்குள் டெல்லியிலிருந்து

எங்கள் பக்கம் பெண்ணை வெளியூருக்கு அனுப்பும்போது எத்தனை கிலோமீட்டர் என்று கேட்க மாட்டார்கள். "நல்லது கெட்டதுக்கு வந்து போற தூரம்தானா?" என்றுதான் கேட்பார்கள். அதில் நல்லது என்பது ஒப்புக்கு. கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் முன்கூட்டியே தேதி தெரியும், எங்கிருந்தாலும் வந்துவிடலாம். கேள்வி கெட்டதைப் பற்றியது. காலையில் ஒருவர் இறந்தால் அன்று பொழுது அடைவதற்குள் தூக்கிவிட வேண்டும் என்பது எங்களில் வழக்கம். அதற்குள் மகள் வந்து வாய்க்கரிசி போட வேண்டும். வந்து சேர முடிந்தால் அந்த ஊர் பக்கம். முடியாவிட்டால் தூரம். இந்தக் கணக்கில் மல்லாங்கிணறு பக்கம், மதுரை பக்கம், திருச்சிகூடப் பரவாயில்லை. சென்னையே சந்தேகம்.

என் மகளுக்கு டெல்லியில் வேலை கிடைத்தது.

அவள் மதுரையில் நர்ஸ் படிப்பு முடித்திருந்தாள். கூடப் படித்த இரண்டு பெண்களுக்கும் அதே ஆஸ்பத்திரியில் ஆர்டர் வந்திருந்தது. தங்க ஹாஸ்டலும் அவர்களே தருகிறார்கள். மகள் அந்தத் தாளை என்னிடம் நீட்டினாள். இங்கிலீஷில் இருந்தது. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். ஆனாலும் கடைசி வரி வரை பார்த்துவிட்டுத்தான் திருப்பிக் கொடுத்தேன்.

நான் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் பைண்டிங் பிரிவில் இருந்தேன். மனைவி பட்டாசுக் கம்பெனிக்குப் போய்வந்தாள். வீட்டில் பேசுகிற ஆள் அவள்தான். எனக்குப் பிறவியிலேயே கூச்சம். கடையில் மீதிச் சில்லறை தராவிட்டால் கேட்காமல் வந்துவிடுவேன், அவள் போய் வாங்கிக்கொண்டு வருவாள். எங்களுக்கு மேலே பேசுகிற ஆள் ஒருவர் இருந்தார், மனைவியின் அண்ணன். அடுத்த தெருவில் வீடு. கம்பெனியில் ஃபோர்மேன். ஊரில் பாதிப் பெண்களை அவர்தான் காலையில் வேனில் ஏற்றிப் போய் வேலையில் உட்காரவைப்பார். அவர் கெட்ட மனிதர் இல்லை. எனக்கு மஞ்சள்காமாலை வந்தபோது என்னை முதுகில் சுமந்து பஸ் ஏற்றியவர். அவருக்கு ஒரு மகன், அதே கம்பெனியில் வேலை. என் மகள் அந்த வீட்டுக்குத்தான் வருவாள் என்று அவர் யாரிடமும் கேட்காமலே முடிவு செய்திருந்தார். எங்களில் அதைக் கேட்கிற பழக்கமும் இல்லை.

அன்று சாயங்காலமே வந்துவிட்டார்.

"டெல்லிக்கு எதுக்கு மாப்ளே புள்ளைய அனுப்புறீக? மதுரையில ஆஸ்பத்திரி இல்லையா? இல்ல, சிவகாசியில எவனுக்கும் காய்ச்சலே வர்றதில்லையா?"

நான் தரையைப் பார்த்தேன். மனைவிதான் சொன்னாள். "அவ ஆசைப்படுதா அண்ணே. சம்பளமும் நல்லா இருக்காம்."

"சம்பளத்த விடு. நாளைக்கு உம் புருசன் பொட்டுன்னு போயிட்டாருன்னு வையி..."

"வாயக் கழுவுங்க."

"பேச்சுக்குச் சொல்லுதேன். ரெண்டு ராத்திரி ரயில்ல வரணும். அவ வந்து எறங்குறதுக்குள்ள நாங்க சாம்பலையே அள்ளிருப்போம். பெத்த மக கை அரிசி இல்லாம அனுப்புவியா இந்த மனுசன?"

வாசலில் நின்றிருந்த இரண்டு மூன்று பேர் தலையை ஆட்டினார்கள். உள்ளே என் மகள் பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றுவிட்டது. அந்தச் சத்தம் நின்றதுதான் என்னைப் பேசவைத்தது.

"ஏரோப்ளேன் இருக்குல்லா மச்சான்" என்றேன்.

கொல்லென்று சிரித்தார்கள். மைத்துனர் மட்டும் சிரிக்கவில்லை. நான் எதிர்த்துப் பேசியது அவருக்குப் புதிது.

ஏரோப்ளேனைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் டைரியில் இருந்ததுதான். எங்கள் அச்சகத்தில் அடித்த பெரிய டைரியின் பின்பக்கங்களில் தபால் கட்டணம், ரத்த வகை, விமான வழித் தூரம் என்று வரும். டெல்லியிலிருந்து சென்னை இத்தனை கிலோமீட்டர், இரண்டே முக்கால் மணி நேரம். சென்னையிலிருந்து மதுரை இத்தனை கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம். வருடா வருடம் அந்தப் பக்கத்தை அப்படியே எடுத்துப் போடுவார்கள். யார் அளந்தது என்று எங்கள் அச்சகத்தில் ஒருவருக்கும் தெரியாது. ஆனால் நான் அதை நம்பினேன். கூட்டிப் பார்த்தால் நாலு மணி நேரம். விருதுநகர் கலெக்டர் ஆபீசுக்கு ஒரு மனு கொடுக்கப் போய்வந்தால் அதற்கு மேல் ஆகும்.

அதைச் சொன்னேன். மைத்துனர் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"நாலு மணி நேரமா? சரி மாப்ளே. ஏரோப்ளேன் நம்மூரு பஸ் ஸ்டாப்புலயா வந்து நிக்கும்? ஒண்ணு செய்வோம். புள்ளையக் கொண்டுபோய் விடுறது நீங்கதான? திரும்பி வாறது ஏரோப்ளேன்ல வாங்க. காலையில ஆறு மணிக்குச் சாவு விழுந்துச்சுன்னு வச்சுக்கிடுவோம். அந்நேரம் நீங்க அவ ஹாஸ்டல் வாசல்ல நிக்கணும். பொழுது அடையுறதுக்குள்ள இந்த வாசல்ல வந்து நின்னுட்டீகன்னா நான் பேச்ச விட்டுருதேன். நிக்கலையா, அடுத்த ரயில்ல போயி புள்ளையக் கூட்டிட்டு வந்துரணும். சம்மதமா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கூட்டத்தில் என்னைப் பார்த்தாலே எனக்குக் காது சூடாகும். "சம்மதம்" என்றேன்.

"முன்னாடியே டிக்கெட்டு எடுத்து வச்சுக்கிட்டா சாவாக?" என்றார் போகும்போது.

விமான டிக்கெட் விலை கொஞ்சம் இறங்கியிருந்த வருடங்கள் அவை. போனஸில் அடங்கியது. நாள் குறிப்பதில்தான் எல்லோரும் சேர்ந்து தப்பு செய்தோம். டைரி, காலண்டர் சீசனில் எனக்கு லீவு கிடையாது. ஆடி முடிந்ததிலிருந்து மெஷின் ராத்திரி பகல் ஓடும். புது வருடம் பிறந்துவிட்டால் டைரியை யாரும் சீந்த மாட்டார்கள், ஜனவரி முதல் வாரத்தில் வேலை படுத்துவிடும். அப்போதுதான் நாங்கள் கல்யாணம் பேசப் போவதும் கோயிலுக்குப் போவதும். மகளும் அந்த வாரம் வேலையில் சேர வேண்டும். தோதாக இருக்கிறதே என்று நான் நினைத்தேன், மைத்துனரும் நினைத்தார். எங்களுக்கு ஜனவரி என்றால் நல்ல உலர்ந்த வெயில், வெடி காயவைக்க அதைவிடத் தோதான மாதம் இல்லை. டெல்லியிலும் அப்படித்தான் இருக்கும் என்று இரண்டு பேருமே எண்ணிக்கொண்டோம்.

ரயிலில் போய் இறங்கியபோது குளிரில் எலும்பு நடுங்கியது. மகளை ஹாஸ்டலில் விட்டேன். அவளுடைய கட்டில் ஜன்னல் ஓரமாக இருந்தது. மறுநாள் காலை ஆறு மணிக்கு, பேசியபடி, வாசலில் நின்றேன். அவள் போர்வையைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தாள்.

"தோத்துட்டா என்னைத் திருப்பிக் கூட்டிட்டு வந்துருவீங்களாப்பா?"

"தோக்க மாட்டேன்."

"அது தெரியும். தோத்துட்டா?"

ஆட்டோ வந்துவிட்டது. நான் ஏறிக்கொண்டேன். பதில் சொல்லாமல் கிளம்ப அது ஒரு சாக்கு.

ஆட்டோ நடக்கிற வேகத்தில்தான் போனது. முன்னால் போகிற லாரியின் பின்விளக்கு மட்டும் தெரிந்தது. ஏர்போர்ட்டில் சோதனை போட்ட காவலர் என் சட்டைப் பையிலிருந்த தீப்பெட்டியை எடுத்துப் பக்கத்திலிருந்த தொட்டியில் போட்டார். எட்டிப் பார்த்தேன். கிடந்தவற்றில் பாதி எங்கள் பக்கத்துப் பெட்டிகள். ஒன்றின் லேபிள் எங்கள் அச்சகத்தில் அடித்தது. அந்த இடத்தில் எனக்குத் தெரிந்த முகம் அது ஒன்றுதான்.

உள்ளே கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் முழுக்க வெள்ளையாக இருந்தது. விமானமும் தெரியவில்லை, தரையும் தெரியவில்லை. நான் முதலில் புகை என்றே நினைத்தேன். எங்கள் ஊர்க்காரனுக்கு அப்படித்தான் தோன்றும். எங்கேயோ என்னவோ வெடித்திருக்கிறது, அதனால்தான் விடவில்லை என்று உட்கார்ந்திருந்தேன். மேலே எதையோ அறிவித்துக்கொண்டே இருந்தார்கள். இந்தி, பிறகு இங்கிலீஷ். ஒன்பதரைக்குக் கிளம்ப வேண்டிய விமானம் பத்தரை ஆகியும் கிளம்பவில்லை. யாரிடமாவது கேட்டால் என்ன? கேட்க வாய் வரவில்லை. கடைசியில் பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த ஒரு பட்டாளத்துக்காரர் எழுந்து போனில் தமிழில் பேசினார். பேசி முடிக்கும்வரை காத்திருந்து கேட்டேன்.

"பனி அண்ணாச்சி. இந்த மாசம் பூரா இப்படித்தான். ஒண்ணும் பறக்காது."

"எப்ப விடுவாக?"

"அது கலையணும். ஏன், அவசரமா?"

"ஊர்ல ஒரு... ஆமா, அவசரம்" என்றேன்.

மத்தியானம் ஒன்றரைக்குத்தான் கிளம்பியது. மூன்று பேர் வரிசையில் எனக்கு நடு இருக்கை. ஒரு பெண் வண்டி தள்ளிக்கொண்டு வந்து ஏதோ கேட்டாள், வேண்டாம் என்று தலையாட்டினேன். காசு உண்டா இல்லையா என்று தெரியவில்லை. தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. சென்னையில் இறங்கியதும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். இரண்டே முக்கால் மணி நேரம், டைரியில் இருந்தது அப்படியே சரி. டைரி பொய் சொல்லவில்லை. அது ஒரு ஏர்போர்ட்டிலிருந்து இன்னொரு ஏர்போர்ட்டுக்கு ஆகிற நேரத்தை மட்டும் சொன்னது. அதற்கு முன்னாலும் பின்னாலும் உள்ளதை நான்தான் கூட்டாமல் விட்டேன்.

மதுரை விமானம் எனக்காகக் காத்திருக்கவில்லை. டிக்கெட் கொடுக்கிற இடத்தில் ஒரு பெண் கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே, "நாளைக்குக் காலையிலதான் சார் இடம் இருக்கு" என்றாள்.

மற்ற நாளாக இருந்தால் தலையாட்டிவிட்டுப் போய் ஒரு மூலையில் உட்கார்ந்திருப்பேன். அன்று நகரவில்லை. "எனக்கு இன்னைக்கே போகணும்மா" என்றேன். வரிசையில் பின்னால் நின்றவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தம் வந்துவிட்டது. "ஊர்ல ஒரு சாவு. பொழுது அடையுறதுக்குள்ள போயாகணும்."

அவள் முகம் மாறியது. "ஐயோ, யாரு சார் தவறிட்டாங்க?"

என்ன சொல்வேன், நான்தான் என்றா? "ரொம்ப வேண்டப்பட்டவரு" என்றேன். அவள் யார் யாருக்கோ போன் செய்து ஐந்து மணி விமானத்தில் ஓர் இடம் பிடித்துக் கொடுத்தாள்.

ஒரு ரூபாய் போட்டுப் பேசுகிற போனிலிருந்து மைத்துனரின் செல்லுக்குக் கூப்பிட்டேன். ஒளிந்துகொண்டு வந்து சேர எனக்கு மனமில்லை.

"எங்கன இருக்கீக மாப்ளே?"

"சென்னையில மச்சான். பனி. பிளேன் லேட்டு."

"மணி நாலரை. இங்கன பாடை கட்டியாச்சு. இன்னும் பத்து நிமிசம் பாத்துட்டுத் தூக்கச் சொல்லட்டுமா?" பின்னால் நாலைந்து பேர் சிரிக்கிற சத்தம் கேட்டது.

"தூக்குங்க" என்று வைத்துவிட்டேன்.

மதுரைக்கு மேலே வரும்போது ஜன்னலில் சூரியன் இன்னும் சிவப்பாக நின்றது. மேகத்துக்கு மேலே பொழுது அடையவில்லை. கீழே இறங்க இறங்க இருட்டியது. தரையில் சக்கரம் பட்டபோது ஏர்போர்ட் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. தோற்றுவிட்டேன் என்று தெரிந்தது.

அதற்குப் பிறகு அவசரப்பட ஒன்றுமில்லை. பஸ்ஸிலேயே போனேன். திருமங்கலம் தாண்டியதும்தான் எனக்குக் கோபம் வந்தது. பந்தயத்தின் மேல் அல்ல, பனியின் மேலும் அல்ல. காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல் என் சாவுக்கு நானே ஓடிக்கொண்டிருந்தேன். என்றைக்கோ ஒரு நாள் அரைமணி நேரம் நடக்கப்போகிற காரியம். அதில் ஒரு கைப்பிடி அரிசி. அதற்காக இருபத்திரண்டு வயதுப் பெண் தன் வாழ்நாள் முழுக்க அந்த அரைமணிக்குப் பக்கத்திலேயே குடியிருக்க வேண்டும் என்கிறார்கள். நானும் அதைச் சரி என்று ஒப்புக்கொண்டுதான் கடிகாரத்தோடு ஓடியிருக்கிறேன். ஜெயித்திருந்தாலும் அது தப்புத்தான் என்று பட்டது. விருதுநகர் வரும்வரை அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

வீட்டு முன்னால் ட்யூப்லைட் வெளிச்சத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். மைத்துனர் நடுவில். மணி ஒன்பது.

"வாங்க மாப்ளே. இப்பத்தான் குளிச்சிட்டு வந்தோம், உங்கள எரிச்சிட்டு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிப்பில் விஷம் இல்லை, ஜெயித்த சந்தோஷம்தான் இருந்தது. "போய்ச் சாப்பிடுங்க. நாளைக்கழிச்சு ரயிலுக்கு நானே டிக்கெட்டு போட்டுத் தாரேன். புள்ளையக் கூட்டிட்டு வந்துருவோம்."

நான் குடத்திலிருந்து தண்ணீர் மொண்டு ஒரே மூச்சில் குடித்தேன். "கூட்டிட்டு வர மாட்டேன்" என்றேன்.

"என்னது?"

"அவ அங்கனயே இருக்கட்டும்."

"மாப்ளே, நாலு பேருக்கு முன்னால சம்மதம்னு சொன்னீகளே."

"சொன்னேன். தோத்ததும் நான்தான். ஆனா கூட்டிட்டு வர மாட்டேன்."

"அப்ப உங்க பேச்சுக்கு என்ன மரியாத?"

"ஒண்ணும் இல்ல மச்சான். எம் பேச்சுக்கு இனிமே மரியாத இல்லன்னே வச்சுக்கிடுங்க."

துண்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"நாளைக்கு நீங்க செத்தா?"

"தூக்கிருங்க. நேரத்துக்குத் தூக்கிருங்க. அவ வந்தா வரட்டும், வராட்டி போகட்டும். அரிசி இல்லாம நான் போயிக்கிடுதேன். அந்த ஒரு நாளுக்காக எம் மகள இங்கன கட்டிப்போட மாட்டேன்."

"கோட்டிக்காரத்தனமாப் பேசாதீக. ஏட்டி, உம் புருசன் பேசுறதக் கேட்டியா?"

மனைவி வாசல்படியில் நின்றிருந்தாள். அண்ணனை அவள் எதிர்த்து நான் பார்த்ததில்லை.

"கேட்டேன் அண்ணே" என்றாள். "போன வருசம் நம்ம கம்பெனி ஷெட்டுல வெடிச்சுச்சே. எனக்கு அடுத்து உக்காந்து திரி வச்சவ செத்தாளே. அவ மக எங்கன இருந்தா? அடுத்த தெருவுலதான இருந்தா? ஆஸ்பத்திரியில இருந்து துணியச் சுத்திக் கொண்டாந்தாக. முகத்தத் தொறந்து காட்டுனீகளா? நீங்கதான் வேன்ல இருந்து எறக்குனீக. அந்தப் புள்ள எங்கன போட்டா வாய்க்கரிசி?"

மைத்துனர் தோளிலிருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். அந்த ஷெட்டுக்கு அவர்தான் ஃபோர்மேன்.

அப்போது அவருடைய செல் அடித்தது. எடுத்துப் பார்த்தார், காதில் வைத்தார், என்னிடம் நீட்டினார்.

மகள்தான். பின்னால் பெண்கள் பேசுகிற சத்தமும் தட்டுகளின் சத்தமும் கேட்டன. "வந்துட்டீங்களாப்பா?"

"வந்துட்டேன்."

"ஜெயிச்சீங்களா?"

"தோத்துட்டேன்மா."

"அப்ப நான் பெட்டிய எடுத்து வைக்கணுமா?" என்றாள். அழுகையை அடக்கிக்கொண்டு கேட்கிறாள் என்று தெரிந்தது.

எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கேட்கட்டும் என்று சத்தமாகவே சொன்னேன்.

"பெட்டிய எதுக்கு எடுக்குத? காலையில ட்யூட்டிக்குப் போ."

போனைத் திருப்பிக் கொடுத்தேன். மைத்துனர் கை நீட்டவில்லை. அவர் எழுந்த நாற்காலியின் மேல் வைத்துவிட்டு, சோறு போடச் சொல்லி உள்ளே போனேன்.